கேட்டதற்கு நன்றி

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் வியாழக்கிழமை காலைகளில் ஒரு சடங்கு நடக்கும். அடுத்த வாரம் சபையில் என்னென்ன அலுவல்கள் என்பதை அவை முன்னவர் எழுந்து வாசிப்பார். திங்கட்கிழமை இந்த மசோதா, செவ்வாய்க்கிழமை அந்த மசோதா, புதன்கிழமை எதிர்க்கட்சிக்கு ஒதுக்கிய நாள். வாசித்து முடித்ததும் உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுவார்கள். ஏறக்குறைய எல்லோருடைய பேச்சும் ஒரே வரியில் போய் முடியும்: இதைப் பற்றி விவாதிக்க அரசு நேரம் ஒதுக்குமா?

பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாண்புமிகு உறுப்பினர் மிக முக்கியமான விஷயத்தை எழுப்பியிருக்கிறார், அதற்கு நன்றி. அவர் தன் தொகுதி மக்களுக்காகச் சளைக்காமல் உழைப்பவர். ஒத்திவைப்பு விவாதத்துக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் கேட்டுப் பார்க்கலாம். பின்வரிசை உறுப்பினர் அலுவல் குழுவை அணுகலாம். சம்பந்தப்பட்ட அமைச்சரின் காதுக்கு இதை நான் கொண்டுபோகிறேன். அடுத்தவர் எழுவார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் இது ஓடும். கால்பந்துக் குழு ஜெயித்தது, கிராமத்து அஞ்சலகம் மூடப்பட்டது, பள்ளிக்கு நூறு வயதானது, கணவனால் கொல்லப்பட்ட பெண்ணின் வழக்கு, எங்கோ ஒரு நாட்டில் நடக்கும் போர், எல்லாம் ஒரே தொனியில் வரும், ஒரே தொனியில் பதில் பெறும். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் என்ன வரப்போகிறது என்று அவை முன்னவருக்கும் தெரியாது. சில வருடங்களாக இணையத்தில் இந்த வியாழக்கிழமை நேரத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோல என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். கேலியில் நியாயம் உண்டு. சீரியலிலும் கேட்பவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. அடுத்த வார அலுவல் பற்றிய நேரம் இது என்பதால், எழுந்து நின்று விஷயத்தை மட்டும் பேசிவிட்டு உட்கார முடியாது. விவாதமோ அமைச்சரின் அறிக்கையோ வேண்டும் என்று கேட்டாக வேண்டும். மறந்துவிட்டால் சபாநாயகர் நினைவூட்டுவார். ஆக, ஒரு வேதனையைச் சபையில் சொல்ல வேண்டுமானால் அதை ஒரு கோரிக்கையின் உடையில்தான் கொண்டுவர வேண்டும். கோரிக்கை நிறைவேறாது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கேட்டது அவைக்குறிப்பில் ஏறும், உள்ளூர்ப் பத்திரிகையில் வரும், தொகுதிக்குப் போய்க் காட்டலாம். அதுபோதும் என்றுதான் பலர் கேட்கிறார்கள்.

இதில் யார் யாருக்கு என்ன தீங்கு செய்கிறார்கள்? வெகுநாள் எனக்குப் பிடிபடாத கேள்வி இது. யாரும் யாருடைய வாயையும் அடைக்கவில்லை. பேச விட்டார்கள், கேட்டார்கள், நம்பினார்கள், நன்றி சொன்னார்கள், எழுதியும் வைத்தார்கள். பெண்களின் பேச்சுக்கு உலகம் வழக்கமாகச் செய்யும் எதுவும் இங்கே நடக்கவில்லை. குறுக்கே பேசவில்லை, பொய் என்று சொல்லவில்லை, உணர்ச்சிவசப்படாதே என்று அடக்கவில்லை. அப்படியும் ஏன் எனக்கு மூச்சு முட்டுகிறது?

மெய்யியலாளர் ரே லாங்டன் 1993-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் எனக்கு உதவியது. அவர் சொல்வது சுருக்கமாக இது: ஒருவரை மௌனமாக்க வாயைப் பொத்த வேண்டும் என்பதில்லை. ஒரு பெண் ‘வேண்டாம்’ என்கிறாள். சொல் வெளியே வருகிறது, எதிரில் இருப்பவன் காதில் விழுகிறது. ஆனால் அவன் அதை மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வெட்கம் என்றோ விளையாட்டு என்றோ எடுத்துக்கொள்கிறான். சொல் இருந்தது, அந்தச் சொல்லால் அவள் செய்ய நினைத்த செயல் மட்டும் நடக்கவே இல்லை.

வியாழக்கிழமை நடப்பது இதன் தூரத்து உறவு என்று நினைக்கிறேன். ‘நேரம் கொடுங்கள்’ என்ற கோரிக்கை, கோரிக்கையாகப் போய்ச் சேர்வதில்லை. அது ஒரு குறிப்பாக, ஒரு அஞ்சலியாக, தொகுதி மக்கள் மீதான அக்கறையின் அடையாளமாகப் போய்ச் சேர்கிறது. கோரிக்கை என்றால் ஆம், இல்லை என்று ஒரு பதில் வேண்டும். அஞ்சலிக்கு நன்றி போதும். லாங்டனின் உதாரணத்தில் இருக்கும் வன்முறை இங்கே இல்லை, இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனமில்லை. ஆனால் பேச்சிலிருந்து அதன் செயலை உருவி எடுத்துவிட்டு ஓசையை மட்டும் கௌரவிக்கிற வேலை இரண்டிலும் நடக்கிறது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பெண்களுக்கான கழிப்பறை இரண்டு மாடி கீழே இருந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் அதைச் சொல்வோம். கூட்டக் குறிப்பில் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதுவார்கள். இரண்டு வருடக் குறிப்பேட்டைப் புரட்டினால் மாதம் தவறாமல் அந்தச் சொல் இருக்கும். யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, ‘இல்லை, செய்ய மாட்டோம்’ என்று எழுதியிருந்தால் நாங்கள் அடுத்த படிக்குப் போயிருப்போம். மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு உண்டு. குறித்துக்கொள்ளப்பட்டவருக்கு அது கிடையாது.

மறுபடி காமன்ஸ் சபைக்கு வருகிறேன். நேரம் அங்கே யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் இந்தச் சடங்கு புரியாது. சபையின் நிலையாணை 14 சொல்வது இது: விலக்கு அளிக்கப்பட்ட நாள்கள் போக, எல்லா அமர்விலும் அரசின் அலுவலுக்கே முன்னுரிமை. ஒரு கூட்டத்தொடரில் எதிர்க்கட்சிகளுக்கு 20 நாள், தனிநபர் மசோதாக்களுக்கு 13 வெள்ளிக்கிழமை, பின்வரிசை உறுப்பினர்களுக்கு 35 நாள். அந்த 35 நாளும் சும்மா வந்ததல்ல. 2009-இல் வந்த ரைட் குழு அறிக்கைக்குப் பிறகு, 2010-இல்தான் பின்வரிசை அலுவல் குழு என்ற ஒன்று பிறந்தது. அதற்கு முன்னால் கட்சிக் கொறடாக்கள் மனம் வைத்தால் உண்டு.

நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கொரு பக்கவிளைவு உண்டு. சர்வதேச மகளிர் தின விவாதத்துக்கு முன்பெல்லாம் அரசே தன் நேரத்தைக் கொடுத்துவந்தது. குழு வந்த பிறகு, அதற்கும் மற்றவற்றோடு வரிசையில் நின்று விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. 2015-இல் பிலிப் டேவிஸ் என்ற உறுப்பினர் இதே குழுவிடம் வந்து, சர்வதேச ஆண்கள் தினத்துக்கும் விவாதம் வேண்டும் என்று கேட்டார். குழுவில் இருந்த ஒரே பெண், ஜெஸ் பிலிப்ஸ், சிரித்துவிட்டார். எனக்கு இங்கே தினமும் ஆண்கள் தினமாகத்தான் தெரிகிறது என்ற பொருளில் ஏதோ சொன்னார். அந்தச் சிரிப்புக்காக அவருக்கு வந்து குவிந்த வசைகளும் மிரட்டல்களும் கொஞ்சமல்ல. டேவிஸுக்கு விவாதம் கிடைத்தது. கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை; ஆண்களின் தற்கொலை பேசப்பட வேண்டிய விஷயம். உனக்கு ஒன்று என்றால் எனக்கும் ஒன்று என்று கணக்குப் பார்த்துக் கேட்டதுதான் உறுத்தியது. அடுத்த ஆண்டு மகளிர் தின விவாதத்தில் ஜெஸ் பிலிப்ஸ் வாதம் எதுவும் செய்யாமல், முந்தைய ஒரு வருடத்தில் ஆண்களால் கொல்லப்பட்ட பெண்களின் பெயர்களை வாசித்தார். பிறகு ஆண்டுதோறும் வாசித்தார். நேரம் கிடைத்தால் பெண்கள் அதை எதற்குச் செலவிட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

‘நேரமில்லை’ என்பது நம் வீடுகளில் நன்றாகப் புழங்கும் சொல். ‘இப்ப வேணாம், அப்புறம் பேசலாம்’ என்று சொல்லும் உரிமை வீட்டில் யாருக்கு இருக்கிறதோ அவரே வீட்டின் தலைவர். என்ன பேசுவது என்பதில் தோற்றால்கூடப் பரவாயில்லை. எப்போது பேசுவது என்பது தன் கையில் இருந்தால் போதும். நகை அடகில் இருப்பதைப் பற்றி, மகளைத் தொடர்ந்து படிக்க வைப்பதைப் பற்றி, ராத்திரி நேரங்களைப் பற்றி, எதைப் பற்றியும் முடியாது என்று அவர் சொல்லத் தேவையில்லை. சாப்பிட்டுப் பேசலாம், சம்பளம் வரட்டும், தீபாவளி கழியட்டும் என்றால் ஆயிற்று.

நேரமின்மை என்பது இயற்கை நிகழ்வல்ல என்பதற்கு 2018 ஒரு நல்ல சாட்சி. பெண்களின் பாவாடைக்குக் கீழே கேமராவை நீட்டிப் படமெடுப்பதைத் தனிக் குற்றமாக்க இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சட்டம் இல்லை. தனக்கு அப்படி நடந்த ஜினா மார்ட்டின் இயக்கம் நடத்தினார்; வேரா ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசின் ஆதரவும் இருந்தது. 2018 ஜூன் 15, ஒரு வெள்ளிக்கிழமை. நேரம் முடியும் கட்டத்தில் மசோதாக்களின் பெயர்களை மட்டும் வாசிப்பார்கள். யாரும் எதிர்க்காவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகும். கிறிஸ்டோபர் சோப் ‘ஆட்சேபிக்கிறேன்’ என்றார். ஒரு சொல். மசோதா நின்றது.

நாடே கொதித்தது. என்ன ஆனது? அடுத்த சில நாள்களில் அரசு அதே மசோதாவைத் தன் மசோதாவாக, தன் நேரத்தில் கொண்டுவந்தது. 2019 ஏப்ரலில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. இல்லாத நேரம் எங்கிருந்து வந்தது? அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

சோப்பைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். விவாதமே இல்லாமல் எந்தச் சட்டமும் நிறைவேறக் கூடாது என்பது தன் கொள்கை என்றார். பெண்ணுறுப்புச் சிதைப்பிலிருந்து சிறுமிகளைக் காக்கும் மசோதாவையும் 2019 பிப்ரவரியில் அதே வகையில் நிறுத்தினார். கொள்கை தவறா? யாருமே பேசாமல் சட்டங்கள் நழுவிப் போகும் சபை எனக்கும் வேண்டாம். ஆனால் விவாதத்தின் காவலர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர், விவாதத்துக்கு நேரம் ஒதுக்காத அரசை ஆட்சேபிக்கவில்லை; நேரம் கிடைக்காத மசோதாவை ஆட்சேபித்தார். வரிசையில் முண்டியடிக்காதே என்று வரிசையின் கடைசியில் நிற்பவளிடம் சொல்வதைப் போன்றது அது.

விவாதம் கிடைத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. இதே காலத்தில் நடந்த இன்னொரு கதை அதைக் காட்டும்.

காமன்ஸ் சபையில் வாக்களிக்க உடம்பு அங்கே இருக்க வேண்டும். இரண்டு கூடங்களில் ஒன்றின் வழியாக நடந்து போக வேண்டும். பிரசவித்த உறுப்பினருக்கு ஒரு வழி: எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் ஜோடியாக ஒப்புக்கொண்டு அவரும் வாக்களிக்காமல் இருப்பார். வெறும் வாய்வார்த்தை ஏற்பாடு. 2018 பிப்ரவரி 1 அன்று ஹாரியட் ஹார்மன் கொண்டுவந்த தீர்மானம், பிரசவகாலத்தில் இருக்கும் உறுப்பினருக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கலாம் என்றது. விவாதித்தார்கள், யாரும் எதிர்க்கவில்லை, வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. அப்போதைய அவை முன்னவர் ஆண்ட்ரியா லெட்சம் ஒரு பெண், யோசனைக்கு ஆதரவானவர்தான். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் தீர்மானத்துக்கு நேரம் வரவில்லை. மாதங்கள் போயின. ஜூலையில், சில வாரக் குழந்தையோடு வீட்டில் இருந்த ஜோ ஸ்வின்சனின் ஜோடியான ஆளுங்கட்சித் தலைவர் பிராண்டன் லூயிஸ் போய் வாக்களித்துவிட்டார். தவறுதலாக நடந்தது என்று மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் இன்னொரு விவாதம். மறுபடி எல்லோரும் ஆதரித்தார்கள்.

2019 ஜனவரி 15 அன்று பிரெக்சிட் ஒப்பந்தத்தின் மீது வாக்கெடுப்பு. சிசேரியனுக்கு நாள் குறித்திருந்த டூலிப் சித்திக், ஜோடி ஏற்பாட்டை நம்ப முடியாது என்று அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப் போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் சபைக்கு வந்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. ஜனவரி 28 அன்று பதிலி வாக்குக்குச் சபை ஒப்புதல் கொடுத்தது. கொள்கையளவில் ஒப்புக்கொண்டு ஏறத்தாழ ஒரு வருடம். சக்கர நாற்காலியைப் பார்த்த பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அன்று அரசு 432க்கு 202 என்று தோற்றது. டூலிப் சித்திக்கின் ஒரு வாக்கு எதையும் மாற்றியிருக்காது. சிலர் அதைச் சொல்லி, எதற்கு இந்த ஆபத்தான நாடகம் என்று கேட்டார்கள். எனக்கு அது நாடகமாகத் தெரியவில்லை. கோரிக்கை கோரிக்கையாகப் போய்ச் சேராத இடத்தில், சொல்லால் முடியாததை உடலால் சொல்ல வேண்டியதாகிறது. ஒரு பெண்ணின் வயிறு வாதமாக மாற வேண்டியிருந்தது என்பது அந்தச் சபைக்குப் பெருமையல்ல.

அவை முன்னவரைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மனம் இரண்டாகப் பிளக்கும். 1997-இல் ஆன் டெய்லர் இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அடுத்து மார்கரெட் பெக்கெட். பிறகு ஹாரியட் ஹார்மன், ஆண்ட்ரியா லெட்சம், பென்னி மோர்டண்ட், லூசி பவல். நிதியமைச்சர் பதவி ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 2024 வரை, ரேச்சல் ரீவ்ஸ் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் எல்லோருடைய குறையையும் கேட்டு, முகம் சுளிக்காமல் திருப்பி அனுப்பும் பதவி கொஞ்சம் சீக்கிரமே திறந்தது. ஆண்களும் அதில் நிறைய இருந்திருக்கிறார்கள் என்பதால் இதை ஒரு விதியாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் வாசலில் நின்று, ‘மாமா தூங்குறாங்க, வந்தா சொல்றேன்’ என்று வந்தவர்களை அனுப்பி வைக்கும் மருமகளின் சாயல் அந்த மேசையருகே எனக்குத் தெரியாமல் போவதில்லை. முடிவு உள்ளே எடுக்கப்பட்டது. முகம் மட்டும் அவளுடையது.

அப்படியானால் அவளுக்குப் பொறுப்பில்லையா? உண்டு என்றே நினைக்கிறேன். அவை முன்னவர் மருமகள் அல்ல. அமைச்சரவைக் கூட்டங்களில் உட்காருபவர், அலுவல் பட்டியலைக் கொறடாக்களோடு சேர்ந்து தயாரிப்பவர். அவர் எல்லோருக்கும் நேரம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாரத்துக்கு நான்கைந்து நாள் கூடும் சபையில், ஒரே காலையில் எழும் ஐம்பது கோரிக்கைகளுக்கும் விவாதம் நடக்காது. யாராவது தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். தேர்ந்தெடுத்ததைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வதுதான் நான் எதிர்பார்ப்பது. ‘நேரமில்லை’ என்பதற்குப் பதிலாக, ‘என் அரசு இதைவிட அதை முக்கியம் என்று முடிவு செய்திருக்கிறது, அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு’ என்ற ஒரு வாக்கியம். மரியாதை அதில் குறைவாக இருக்கும், நேர்மை கூடுதலாக இருக்கும். எதிரில் இருப்பவருக்குக் கோபப்படவாவது ஓர் இடம் கிடைக்கும். நன்றி சொல்பவர் மீது கோபப்படுவது எவ்வளவு கடினம் என்பது பெண்களுக்குத் தெரியும்.

இப்படிச் சொல்லும்போது, 1950களில் பிறந்த பிரிட்டிஷ் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய அரசு ஓய்வூதிய வயதை 60-லிருந்து 65-ஆக உயர்த்த 1995-இல் சட்டம் வந்தது. 2011-இல் இன்னொரு சட்டம் அந்த உயர்வை வேகப்படுத்தியது. தங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்றார்கள் அவர்கள். அறுபதில் பணம் வரும் என்று நம்பி வேலையை விட்டவர்கள் இருந்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவின் பேரில் 2016 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விவாதம் நடந்தது. பிறகும் பல விவாதங்கள். வியாழக்கிழமைகளில் எத்தனை பேர் இதற்காக எழுந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 2024 மார்ச்சில் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர், தகவல் சொன்னதில் நிர்வாகத் தவறு நடந்தது என்று கூறி, ஆளுக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு பரிந்துரைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இழப்பீடு தர மாட்டோம் என்றது. அந்த மறுப்பு எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆனால் ‘முக்கியமான விஷயம், எழுப்பியதற்கு நன்றி’ என்று அத்தனை வருடம் கேட்ட பெண்களுக்கு முதல்முறையாக எதிர்த்து நிற்க ஒரு தெளிவான ‘இல்லை’ கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் நீதிமன்றத்தை நோக்கி நடந்தார்கள்.

நம் பக்கம் கதை வேறு மாதிரி. மக்களவையிலும் நாடாளுமன்ற விவகார அமைச்சர் அடுத்த வார அலுவலைச் சொல்லும் வழக்கம் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து வாங்கிய பாத்திரங்களில் அதுவும் ஒன்று. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதா 1996 செப்டம்பரில் அந்த அவைக்கு வந்தது. 2010 மார்ச்சில் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவைக்கு வராமலே காலாவதியானது. 2023 செப்டம்பரில் இரண்டு அவைகளிலும் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்ற நிபந்தனையோடு வந்தது. இங்கே நன்றிக்குப் பதிலாகப் புழங்கிய சொல் ‘கருத்தொற்றுமை’. கருத்தொற்றுமை வரட்டும், செய்துவிடலாம். தீபாவளி கழியட்டும்.

1908 அக்டோபர் 28 அன்று காமன்ஸ் சபையின் பெண்கள் மாடத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாடத்துக்கு முன்னால் கனத்த இரும்புக் கம்பிச்சட்டம். கீழே இருக்கும் ஆண்களின் கவனம் சிதறாமல் இருக்க. மியூரியல் மேட்டர்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவருடைய தெற்கு ஆஸ்திரேலியாவில் 1894-லேயே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்திருந்தது. அவரும் ஹெலன் ஃபாக்ஸும் சங்கிலியால் தங்களை அந்தச் சட்டத்தோடு பூட்டிக்கொண்டார்கள். மேட்டர்ஸ் கீழே பார்த்து, பெண்களுக்கு வாக்குரிமை கொடுங்கள் என்று உரக்கப் பேசினார். காவலர்களால் பூட்டைத் திறக்க முடியவில்லை. கடைசியில் கம்பிச்சட்டத்தையே பெயர்த்து, சட்டமும் பெண்ணுமாகச் சேர்த்து வெளியே தூக்கிப் போனார்கள். காமன்ஸ் சபையில் பேசிய முதல் பெண் அவர்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. யாரும் அவரைப் பேச அழைக்கவில்லை, யாரும் அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை. 1917-இல் அந்தச் சட்டங்கள் கழற்றப்பட்டன. இப்போது அவை சென்ட்ரல் லாபியின் சன்னல்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன. தொகுதியிலிருந்து தங்கள் உறுப்பினரைப் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சன்னல்களுக்குக் கீழேதான் காத்திருக்கிறார்கள்.